பிஸ்மத்

மினசோட்டா மாநிலம், டுலூத். 2014 பிப்ரவரி 8, சனிக்கிழமை. பள்ளிகளுக்கான வட்டார அறிவியல் வினாப் போட்டியின் இறுதிச் சுற்று, பிற்பகல் மூன்றரை மணிக்கு 84–84 என்று சமநிலையில் முடிந்தது. வெல்லும் அணிக்கு ஏப்ரலில் வாஷிங்டன் பயணம். தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி. பொத்தானை அழுத்தியவர் தானே விடை சொல்ல வேண்டும். அணிக்குள் கலந்து பேசக்கூடாது.

அணித்தலைவி லின்னியாவுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். விடை தெரியாதபோது “பிஸ்மத்” என்று ஏதோ ஓர் உலோகத்தின் பெயரைச் சொல்லிவைப்பது அவர்கள் வழக்கம். வாய்மூடி இருப்பதற்கு அது மேல் என்பார் பயிற்சியாளர் ரோஸ்டாட். அன்று காலை, தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்ற கேள்விக்கும் அவள் அதையே சொல்ல, நடுவரே சிரித்துவிட்டார்.

“தண்ணீரைப் போல, உறையும்போது விரியும் உலோகம்…”

எதிரணி முந்திவிடுமோ என்ற பயத்தில், நடுவர் வாசித்து முடிக்குமுன்பே லின்னியா அழுத்தினாள். காலியம் என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் அணித்தோழன் வேட் தன் தாளில் கிறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். இரண்டே எழுத்து, பிஸ்மத்தின் குறியீடு.

“பிஸ்மத்.”

அரங்கம் சிரித்தது. ரோஸ்டாட் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“சரி” என்றார் நடுவர்.

வேட் துள்ளினான். “அடிப்பாவி! வருஷம் பூரா உளறினது இன்னிக்குப் பலிச்சிருச்சு பாரு!”

“உன் தாளைப் பாத்துட்டேன்டா.”

“பாத்தா என்ன? எப்பவும் அதத்தானே சொல்லுவே.”

“காலியம்னு சொல்ல இருந்தேன்.”

அவன் குரல் தணிந்தது. “யாருக்குத் தெரியும்? எல்லாரும் குருட்டு அதிர்ஷ்டம்னுதான் நினைக்கிறாங்க. லின்னியா, நான் இதுவரைக்கும் பிளேன்ல ஏறினதே இல்ல.”

மதிப்பெண் தாள் வந்தது. இரு தலைவர்களும் கையெழுத்திட்டால் முடிவு உறுதி. எதிரணித் தலைவன் முதலில் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினான். “கையெழுத்தையாவது ஒழுங்காப் போடு தாயே. அங்கயும் பிஸ்மத்னு எழுதிடாதே.”

லின்னியா சிரிக்கவில்லை. பேனா முனை தாளைத் தொட்டபடியே நின்றது. பின்னால் ரோஸ்டாட் யாருக்கோ தொலைபேசியில், “ஜெயிச்சுட்டோம்மா!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“சார்,” என்றாள் நடுவரிடம். “அது என் விடை இல்ல. பக்கத்துத் தாளைப் பாத்துச் சொன்னேன்.”

வேட் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

விடை நீக்கப்பட்டது. விதிப்படி புதிய கேள்வி எதிரணிக்கு மட்டும் வாசிக்கப்பட்டது. சரியாகச் சொன்னார்கள். 88–84. ஏப்ரலில் அவர்கள் வாஷிங்டன் போனார்கள்.