விசா முடிந்த மறுநாள்

சுஹறா கல்முனையில் பிறந்தவள்தான். காயல்பட்டினத்துத் துணி வியாபாரியைக் கட்டிக்கொண்டு போனதில் இந்தியப் பாஸ்போட்காரியாகிவிட்டாள். 1981இல், உம்மா வாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார் என்று கடிதம் கிடைத்ததும் இராமேஸ்வரத்தில் கப்பலேறினாள். தலைமன்னாரில் ஒரு மாத விசா குத்தினார்கள். வந்த நோக்கம் என்ற இடத்தில் ‘உம்மாவைப் பார்க்க’ என்று எழுதியிருந்தாள். அதிகாரி அதை வெட்டிவிட்டு ‘உல்லாசப் பயணம்’ என்று எழுதினார்.

உம்மாவின் வீட்டில் தம்பி மீராசா குடியிருந்தான். உம்மாவைக் கழுவித் துடைத்துச் சோறூட்டியவள் அவன் மனைவி சரீபா. வீட்டு உறுதிப் பத்திரம் மட்டும் சுஹறாவின் பெயரில் இருந்தது. அவள் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனாலும் அதைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறாள் என்று மீராசா முடிவுகட்டியிருந்தான்.

உம்மா அவள் கையை விடுவதாக இல்லை. விசாவை நீட்டுவதற்கு, உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கடிதம் தர வேண்டும். மீராசாவிடம் கேட்டாள்.

“நாளைக்கு எழுதித் தாறன் ராத்தா.”

ஐந்து நாளும் இதே பதில். ஆறாம் நாள் அவள் கேட்கவில்லை. காரைதீவில் டீச்சராயிருந்த பள்ளித்தோழி தங்கரத்தினம் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டாள். லீவு போட்டுக் கொழும்புக்கும் கூடப் போனாள். மருந்து வாங்கப் போவதாக சுஹறா வீட்டில் சொல்லியிருந்தாள்.

மாதம் முடிந்த மறுநாள் காலை பொலிஸ் சாஜன் வந்தார். அவர் கேட்கும் முன்பே மீராசா கதிரையும் சோடாவும் கொண்டுவந்து வைத்தான்.

“விசா முடிஞ்ச வெளிநாட்டுப் பொம்புள ஒளிச்சிரிக்கிறாண்டு மொட்டைப் பெட்டிசம் ஒண்டு வந்திரிக்கி,” என்றார் சாஜன்.

“சட்டம் எண்டா சட்டந்தானே ராத்தா. நான் என்ன செய்ய?” என்றான் மீராசா. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சுஹறா பாஸ்போட்டை நீட்டினாள். சாஜன் புரட்டிப் பார்த்தார்.

“ரெண்டு மாசம் நீட்டியிரிக்கே! எல்லாம் சரிதானே.”

அவர் மடியிலிருந்த பெட்டிசத்தை அவள் எட்டிப் பார்த்தாள். ‘வெழிநாட்டுக்காரி’ என்று கிடந்தது.

“அஞ்சாம் வகுப்பிலயும் நீ இப்பிடித்தான்டா எழுதின,” என்றாள் தம்பியிடம். “காட்டிக் குடுக்கவாவது எழுதத் தெரிஞ்ச ஒருத்தனப் புடிச்சிரிக்கலாமே.”

சாஜன் சிரித்துவிட்டார். சரீபா கதவோரம் நின்று கணவனை ஏதோ அழுக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மீராசா சோடாப் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்த மாதம் உம்மா மௌத்தானார். அடக்கம் செய்து, கத்தம் ஓதி முடிந்ததும் சுஹறா நொத்தாரிசிடம் போய் வீட்டைச் சரீபாவின் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். பஸ் நிலையத்துக்கு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மீராசாவுக்கு அங்கே நின்ற ஒருவர் சொல்லித்தான் விசயம் தெரிந்தது.

“எனக்கிட்ட ஒரு வார்த்தை செல்லல்லியே ராத்தா?”

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அவன் நின்ற பக்கத்து ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. அவள் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.