க்ளைவ் ரோட்டில் இருக்கிறான்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் எந்த ஆள்மேலும் இல்லை, ஒரு சொல்மேல். ரோடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘யார்மவுத் கரையில் அன்று காற்று பேயாக அடித்து—’ அடித்துவிட்டேன், வாக்கியத்தை. காற்றை முதலிலேயே சொன்னால் நோரீன் ஏமாந்தது உங்களுக்கு முட்டாள்தனமாகத் தெரியும். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி, முட்டாள் இல்லை. கடலே இல்லாத டெர்பியில் பிறந்து, சரக்குக் கப்பலில் வேலைபார்த்த க்ளைவ் லார்ட்டரைக் கட்டிக்கொண்டு இந்த இங்கிலாந்துத் துறைமுக ஊருக்கு வந்தவள், அவ்வளவுதான்.

2

க்ளைவின் அப்பா ஹெர்பர்ட் மாடியில் சாகக் கிடந்தார். ஆயுசெல்லாம் கடலில் மீன் பிடித்தவர். கட்டிலைக் கடல் பக்க ஜன்னலைப் பார்த்தே போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை கப்பல் ஏஜண்ட் போன் செய்தான். லைன் கொரகொர என்றது.

“க்ளைவ் ரோட்ல இருக்கான்மா. வந்துருவான்.”

நோரீன் என்னையும் இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

“அப்பா, க்ளைவ் கரை எறங்கிட்டாரு! வண்டியில வந்துக்கிட்டே இருக்காரு. கட்டில தெருப் பக்கம் திருப்பிடலாமா?”

“கடலு நல்லாத்தான புள்ள இருக்கு.”

“அதத்தான் தெனம் பாக்குறீங்களே!”

நானும் ஒரு பக்கம் பிடித்தேன். குளிர்காற்று வருகிறதென்று கடல் பக்கத் திரையை அவள் இழுத்து மூடினாள்.

3

(இங்கே கதையை நிறுத்துவது தப்புதான். வேறு வழியில்லை.)

அகராதியைப் புரட்டினேன். ஆதியில் இந்த ரோடு என்றால் குதிரைச் சவாரியாம். கூட்டமாகச் சவாரி போய் அடுத்தவன் மாட்டை ஓட்டிவந்தால் அதற்கும் இதே சொல். ஸ்காட்லாந்துக்காரன் வாயில் அது ரெய்டு ஆனது. துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும் தண்ணீருக்கும் அதுவேதான் பெயர். நாம் நடக்கிற ரோடு, வரிசையில் கடைசி!* ஏஜண்ட் சொன்னது தண்ணீர். நோரீன் கேட்டது தார்.

(*தமிழில் ‘வெளியே நங்கூரமிட்டு நிற்கிறான்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். யாரும் ஏமாறவில்லை. கதை அந்த வரியிலேயே படுத்துவிட்டது.)

4

ஹெர்பர்ட் தெருவைப் பார்த்தபடியே கிடந்தார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கேட்டார்.

“அவனா?”

“இல்லப்பா, பால் வண்டி.”

“இதுக்குக் கடலே தேவல.”

நோரீன் சிரித்தாள். நானும்தான். புதன் மதியம் அவர் போய்ச் சேர்ந்தார், கண் தெருப் பக்கமே இருக்க.

அவர் திரும்பிப் பார்த்து, திரையை விலக்கச் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். நோரீனுக்குச் சொன்னபோது, “அவரு கேக்கவே இல்ல. நான் சொன்னத நம்பினாரு. பொய்யா எழுதாத” என்றாள். கிழித்துப்போட்டேன்.

5

வியாழன் காற்று அடங்கி, படகு ஓடி, க்ளைவ் வந்தான். சமையலறையில் கோட்டோடு நின்றான். நான் பக்கத்தில் இருக்க, அப்பா இறந்ததை நோரீன் சொன்னாள். மேஜையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

“ரெண்டு நாளா கண்ணெதிர்லயே நின்னோம், நோரீன். அந்த அலையில படகு எறக்க முடியல. டெக்குல நின்னா நம்ம வீட்டு ஜன்னல் தெரியும். அப்பா பாத்துக்கிட்டிருப்பாருன்னு பைத்தியம் மாதிரி கைய ஆட்டினேன். கப்பலப் பாத்தாரா அவரு?”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஏஜண்டைத் திட்டவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள்.

எனக்கு அது நன்றாகக் கேட்டது. ‘ஆமா’ என்று எழுதினேன். நோரீன் அடிக்கச் சொன்னாள். ‘இல்ல’ என்று எழுதினேன். அதையும் அடிக்கச் சொன்னாள்.

“பின்ன நான் என்னதான் எழுதறது?”

“அது எனக்கும் அவருக்கும். உன் கதைக்கு எதுக்கு?”

ஆகவே அந்த இடம் காலி. நோரீன் சொன்னாள்: “            .”

க்ளைவ் இரண்டு கையாலும் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். அவள் எதைச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால், பேனாவைப் பிடியுங்கள்.