அவன் இல்லைன்னு தெரியும்

1

இந்தக் கதை மூன்று சொற்களிலிருந்து பிறந்தது. சொன்னவர் என் கணவர். இடம், மருத்துவமனையின் நான்காம் மாடி, ஜன்னலோரக் கட்டில். பிற்பகல் மூன்றரை இருக்கும்.

"அவன் இல்லைன்னு தெரியும்" என்றார்.

"எப்போ?" என்று கேட்டேன். அதற்குள் தூங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து அதே தூக்கத்தோடு போய்விட்டார்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தவள் நான். யார் என்ன சொன்னாலும், அழுதுகொண்டே சொன்னாலும், தாளில் ‘சாட்சி கூறியதாவது’ என்றுதான் ஏறும். அந்தப் பழக்கம் விடவில்லை. ‘நான்’ என்று அடித்தால் விரல் தடுக்கிறது. அதனால் கதைக்குள் நான் வரும் இடங்களில் ‘தோழனின் மனைவி’ என்றே எழுதப் போகிறேன். கதைக்கு வெளியே நின்று உங்களோடு பேசும்போது மட்டும் நான்.

2

தொடக்கம் ஒன்று:

பதினோரு பேர் ஆடும் ஆட்டம் அது. ஆனால் மக்கள் பார்க்க வந்தது ஒருவனை மட்டும்தான். மற்ற பத்துப் பேரும்

(இங்கே நிறுத்திவிட்டேன். மற்ற பத்துப் பேரில் ஒருவரோடு குடித்தனம் நடத்தியவள், ‘மற்ற’ என்ற சொல்லை எப்படி அடிப்பேன்?)

தொடக்கம் இரண்டு:

பந்து உருண்டுகொண்டிருந்தது.

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தால் இப்போதும் அது உருள்கிறது. புல்லின் நுனிகள் ஒவ்வொன்றாகப் படுத்து எழுவதுகூடத் தெரிகிறது. ஆனால் யார் உதைத்த பந்து, எங்கே போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் உருளவிடுவது நியாயமில்லை.)

ஆகவே சாதாரணமாகவே சொல்கிறேன். 

அந்தக் கால்பந்து அணியின் நட்சத்திரத்தை எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் வைத்தவர் கோல்கீப்பர். ஒருநாள் பயிற்சிக்கு அணி முழுவதும் வந்து வெயிலில் நின்றுகொண்டிருக்க, நட்சத்திரம் மட்டும் அரை மணி தாமதமாக, தலையைச் சீவிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை வந்தாச்சு, மேளத்தைக் கொட்டுங்கப்பா" என்றார் கோல்கீப்பர். அன்றிலிருந்து மாப்பிள்ளை. அவருக்கு வலப்பக்கம் ஆடி, பந்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கொடுத்தவருக்குத் தோழன் என்ற பெயர் தானாக அமைந்தது. மாப்பிள்ளைத் தோழன். அவர்தான் என் கணவர்.

3

ஒரு நட்சத்திரம் என்ன செய்கிறான் என்று ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று தோழனின் மனைவி மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

பயிற்சியாளர் புல்லில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைப்பார். தோழன் வலப்பக்கமிருந்து ஓடிவர வேண்டும். கூம்பைத் தாண்டியதும் தலையை நிமிர்த்தாமல் இடப்பக்கம் தட்டிவிட வேண்டும்.

"பார்க்காதே. பார்த்தா எதிராளிக்குத் தெரிஞ்சிடும். பார்க்காம கொடு."

"அங்க அவன் இல்லைன்னா சார்?"

"இருப்பான். அது அவன் வேலை. கொடுக்கிறது உன் வேலை."

ஒரு நாளைக்கு இருநூறு தடவை. பதினோரு வருடம். வீட்டில்கூட உப்பைக் கேட்டால் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடப்பக்கம் நீட்டுவார். மனைவி வலப்பக்கம் உட்கார்ந்திருப்பாள்.

மாப்பிள்ளை கோல் அடித்த படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அதில் தோழனும் இருப்பார், ஒரு கையாக. மாப்பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கை. சுண்டுவிரல் நுனி கொஞ்சம் கோணல் என்பதால் அவளுக்கு அடையாளம் தெரியும். வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. நாற்பத்தாறு கைகள்.

ஒளிர்கிறவன் ஒளிர வேண்டுமானால் பக்கத்தில் பத்துப் பேர் இருட்டாயிருக்கச் சம்மதிக்க வேண்டும்.

(மேலே உள்ள வாக்கியம் அழகாக விழுந்துவிட்டது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. உண்மை என்னவென்றால் மாப்பிள்ளை இருந்த நாட்களில் தோழனும் நன்றாகத்தான் ஆடினார். எதிரணியில் மூன்று பேர் மாப்பிள்ளையைச் சுற்றி நிற்பார்கள். இவருக்கு ஒரு தெருவே காலியாகக் கிடைக்கும். நட்சத்திரம் பக்கத்தில் உள்ளவனைச் சின்னவனாக்குகிறது, பெரியவனாகவும் ஆக்குகிறது. இரண்டும் ஒரே பிற்பகலில் நடக்கிறது.)

4

அந்த ஆட்டம்.

ஆடுபவர்களின் குடும்பங்களுக்கென்று இரண்டு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். மேல் வரிசைக்குக் கூரை நிழல் உண்டு. மாப்பிள்ளையின் மனைவி அங்கே. கீழ் வரிசையில் மற்றவர்கள். "நாம பொண்ணு வீட்டுக்காரங்கடி, வெயில்லதான் உட்காரணும்" என்பாள் கோல்கீப்பரின் மனைவி.

வென்றால் அணி முதல் பிரிவில் நீடிக்கலாம். சமனில் முடிந்தாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் பாதிப் பேருக்கு மறு வருடம் ஒப்பந்தம் கிடையாது. இது வெயிலில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒன்றுக்கு ஒன்று. எண்பத்திரண்டாவது நிமிடம். மாப்பிள்ளை தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோழன்தான் ஓடிப்போய்த் தூக்கினார். மாப்பிள்ளையின் கை தோழனின் தோளில். நொண்டி நொண்டி இருவரும் கோடு வரை நடந்தார்கள். கோட்டைத் தாண்டி மாப்பிள்ளை போனார். வேறொருவன் உள்ளே வந்து பின்வரிசையில் நின்றான்.

எண்பத்தெட்டாவது நிமிடம். தோழனிடம் பந்து. வலப்பக்கமிருந்து ஓடிவருகிறார். எதிரணியின் கோல்கீப்பர் பாய்ந்து வந்து வழுக்கி விழுகிறார். வலை காலி. பத்தடி தூரம். கீழ் வரிசை முழுவதும் எழுந்து நிற்கிறது.

தோழன் தலையை நிமிர்த்தாமல் பந்தை இடப்பக்கம் தட்டினார்.

அங்கே யாரும் இல்லை.

பந்து அவசரமில்லாமல் உருண்டது. இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் அந்தக் காலியிடத்தை நோக்கிப் பாய்ந்தார்கள். இல்லாத ஒருவனை மறிக்க, இருவர். கூட்டம் ‘ஓ’ என்று கிளம்பிப் பாதியில் நின்றது. தோழனின் மனைவி சத்தியமாக அங்கே மாப்பிள்ளையைப் பார்த்தாள். வெயிலில் சட்டை பளபளத்தது, வலது கால் பின்னால் போனது. பிறகு அங்கே புல் மட்டும் இருந்தது. பந்து கோட்டைத் தாண்டி, ஒரு விளம்பரப் பலகையில் இடித்து, நின்றது.

5

மாப்பிள்ளை பெரிய அணி ஒன்றுக்குப் போனார். மற்றவர்களில் எட்டுப் பேருக்கு ஒப்பந்தம் முடிந்தது. கோல்கீப்பர் லாரி ஓட்டப் போனார்.

கோல்கீப்பரின் மனைவி சந்தையில் ஒருமுறை எதிரே வந்தாள். "உன் வீட்டுக்காரர் யாருக்குடி கொடுத்தாரு? பேயிக்கா?" என்று கேட்டாள். கத்தவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். அதன்பிறகு பேசவில்லை.

தோழனின் வீட்டுச் சுவரில் யாரோ சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள்: ‘மாப்பிள்ளை ஓடினது தோழனுக்கே தெரியாது.’

தோழன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லா எழுதியிருக்கான்ல?" என்றார். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்.*

* கழுவும்போது ‘தெரியாது’ என்ற சொல்லை மட்டும் கடைசியாகக் கழுவினார் என்று முதலில் எழுதினேன். அது என் கற்பனை. அடித்துவிட்டேன்.

பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் தனி பிரேக். "எனக்குன்னே செஞ்ச வேலைடி" என்பார். அந்த ஆட்டத்தைப் பற்றி முப்பது வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நான்காம் மாடி வரை.

6

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

நீதிமன்றத்தில் ‘தெரியும்’ என்று ஒரு சாட்சி சொன்னால் வக்கீல் விடமாட்டார். எப்போது தெரியும்? யாருக்குத் தெரியும்? ஏனென்றால் நம் மொழியில் அந்தச் சொல்லுக்குக் காலமும் கிடையாது, ஆளும் கிடையாது. நேற்றுக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். எனக்கும், உனக்கும், ஊருக்கும் ஒரே தெரியும்.

அவன் அங்கே இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். இப்படி எடுத்துக்கொண்டால், பழக்கம் ஏமாற்றிய ஓர் அப்பாவி, முப்பது வருடம் கழித்து என்னிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போயிருக்கிறார். கதை முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

அவன் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். இப்படியென்றால், தெரிந்தே காலியிடத்துக்குக் கொடுத்திருக்கிறார். எட்டுக் குடும்பத்தின் சாப்பாட்டை, கோல்கீப்பரின் மனைவியின் முகத்தை, எல்லாவற்றையும் தெரிந்தே. எதற்காக?

இன்னொன்றும் இருக்கிறது. தெரிவது என்றால் கண்ணுக்குப் படுவதும்தான். அந்த இடத்துக்குப் பந்தைக் கொடுத்தால், அவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதாவது

(இந்தப் பத்தியை நாலு முறை தொடங்கிவிட்டேன்.)

முட்டாளோடு வாழ்ந்தேனா, துரோகியோடு வாழ்ந்தேனா என்பதுதான் கேள்வி. முப்பத்து நாலு வருடம். உப்பை இடப்பக்கம் நீட்டிய மனிதர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இந்தக் கதையை எப்படி முடிப்பேன்?

7

மாப்பிள்ளையைக் கெட்டவனாக எழுத மூன்று தடவை முயன்றேன். ஒரு பிரதியில் கறுப்புக் கண்ணாடியும் பெரிய காருமாக வந்தார். ஆனால் தோழன் போய் நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை பேருந்தில் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம், நோயாளியைப் பார்க்க வருகிறவர் போல.

"லிஃப்ட் இல்லையா அண்ணி?" 

"இருக்கு. மூணு வருஷமா ஓடல."

தோழனைவிட நாலு மாதம் மூத்தவர், இருந்தும் முதல் நாளிலிருந்து அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ‘சோறு போடுறவன் பெண்டாட்டி, வேற எப்படிக் கூப்பிடுறது’ என்பார். இடுப்பு எலும்பு தேய்ந்து, இப்போது நிஜமாகவே நொண்டினார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, தவணை தவணையாக உட்கார்ந்தார்.

வேறு என்னென்னவோ பேசினார். மகள், மாத்திரை, தெருவில் தோண்டியிருந்த பள்ளம். பிறகு பழப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு எனக்குக் கால்ல ஒண்ணுமே இல்ல அண்ணி."

தோழனின் மனைவி பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தால் சாட்சி தொடர்ந்து பேசுவார் என்பது அவள் தொழிலில் கற்றது.

"முந்தின வாரமே அந்தப் பெரிய டீம்ல கையெழுத்துப் போட்டுட்டேன். காலைப் பத்திரமா கொண்டுவான்னாங்க. எண்பது நிமிஷம் ஆடிட்டு வந்துடலாம்னு நெனச்சேன். நாம ஜெயிச்சிடுவோம்னுதான் நெனச்சேன் அண்ணி. உண்மையா."

"ம்."

"என்னைத் தாங்கிட்டுப் போனது அவன்தான். தோள்ல கை போட்டேன். ஆனா பாரமே போடல. நொண்டுறவன் பாரம் போடணும்ல? மறந்துட்டேன். கோட்டைத் தாண்டினப்புறம்தான் உறைச்சுது. அடப்பாவி, அவன் தோள்ல ஒரு கிலோகூடப் போடலையேன்னு."

ஜன்னலில் வெயில் நகர்ந்து அவர் முழங்கால் வரை வந்திருந்தது. அந்த ஒளியில் அவர் வயசானவராகத் தெரியவில்லை. ஒரு கணம், கூரையில்லாத வரிசையிலிருந்து பார்த்த அதே சட்டை.

"அவனுக்குத் தெரியுமா அண்ணி?"

(இங்கே நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கதையில் தோழனின் மனைவி எழுந்திருக்கவில்லை.)

"அவர் இருந்தப்போவே கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணேன். சேர்த்த மறுநாள். நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்களாம். இதையேதான் கேட்டேன். டேய், உனக்குத் தெரியுமாடான்னு."

"என்ன சொன்னாரு?"

மாப்பிள்ளையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"‘உங்க அண்ணிகிட்ட கேளு’ன்னான்."

8

முடிவு ஒன்று: அவள், "அவருக்குத் தெரியாது தம்பி" என்கிறாள். மாப்பிள்ளை முப்பது வருடப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறார். அவள் ஒரு முட்டாளின் விதவையாக மிஞ்சுகிறாள்.

முடிவு இரண்டு: "தெரியும்" என்கிறாள். அதன்பின் அவரைப் பார்த்து

(முடியவில்லை. வேண்டாம்.)

இரண்டையும் அடித்துவிட்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் ஏன் கொடுத்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியும் என்று நினைத்தாரா? இல்லை, நான் அங்கே இருப்பேன் என்று மட்டும் நினைத்தாரா? நான் கீழே மருந்துக் கடையில், சில்லறைக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தேன்.

நடந்ததையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேன். கூடுதலாக எனக்கும் ஒன்றும் தெரியாது. நான் அடுப்படிக்குப் போகிறேன். பழத்தைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். பதில் கேட்காமல் எழுந்துபோக மாட்டார்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்.