கடைசியாகச் சேமித்தவன்

அக்காவுக்கும் எனக்கும் தினமும் நடக்கும் சண்டையை ஒழிக்கத்தான் அந்தக் குறிப்புச் செயலியை நானே எழுதினேன். மற்ற செயலிகள் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல்லை மாற்று, சந்தா கட்டு என்று உயிரை வாங்கும். என்னுடையதில் ஒரே ஒரு பக்கம். எழுதலாம், 'சேமி' பொத்தானை அழுத்தலாம், தீர்ந்தது வேலை. செருப்பு அலமாரி மேல் கிடக்கும் என் பழைய லேப்டாப்பில் அந்தப் பக்கம் இருக்கும். அக்கா போனிலும் என் போனிலும் அது தெரியும்.

சண்டை அப்பாவின் ஊசியைப் பற்றியது. அவருக்குக் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். அக்காவின் ஷிஃப்ட் நினைத்த நேரத்தில் மாறும். இருந்தால் அவள் போடுவாள், இல்லாவிட்டால் நான். போட்டவர் செயலியில் 'ஊசி போட்டாச்சு' என்று எழுத வேண்டும். வரி இல்லையென்றால் போடவில்லை என்று அர்த்தம். நான் போட்ட சட்டம் அது.

"ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள ஒட்டினா போதாதா, விஞ்ஞானி?" என்று அக்கா அப்போதே கேட்டாள்.

"தாள் கிழியும். இது கிழியாது" என்றேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

அன்று நான் எழுந்தபோது அக்கா வேலைக்குப் போயிருந்தாள். குளியலறையில் பல்பு எரியவில்லை. முந்தின ராத்திரி திறந்த செயலி என் போனில் அப்படியே திறந்து கிடந்தது. அதன் அடியில் 'பல்பு வாங்கணும்' என்று தட்டிச் சேமித்துவிட்டு, இருட்டிலேயே பல் தேய்த்தேன். பிறகு வந்து பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இன்றைய ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஊசியோடு வருவதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"போட்டாச்சுடா."

"யாருப்பா போட்டா?"

"அக்காதான். சாப்பிட்டும் ஆச்சு."

அப்பாவின் 'போட்டாச்சு'வை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மறதி வந்த பிறகு ஊசியைக் கண்டாலே அவருக்கு அந்த வார்த்தைதான் வரும். போன மாதம் அதை நம்பி விட்டுவிட்டோம். சர்க்கரை ஏறி, நாள் முழுக்கத் தண்ணீராகக் குடித்துத் தள்ளினார். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் மாத்திரைத் தொழிற்சாலையில் வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

"இதுல இல்லையேப்பா" என்று என் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "போட்டிருந்தா இதுல இருக்கும்."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். போட்டேன்.

கழற்றிய ஊசிமுனையைப் போட டப்பாவைத் திறந்தேன். நிரம்பிய டப்பாவை மாற்றி, முந்தின நாள் சாயங்காலம்தான் இந்தப் புதியதை வைத்திருந்தேன். அதற்குள் ஏற்கெனவே ஒரு முனை கிடந்தது.

உடனே புரிந்தது. என் செயலி ஒரு வரியை மட்டும் சேமிக்காது. போனில் இருக்கும் முழுப் பக்கத்தையும் அனுப்பி, லேப்டாப்பில் இருப்பதன் மேல் எழுதிவிடும். என் போனில் கிடந்ததோ ராத்திரிப் பக்கம். அதில் பல்பைச் சேர்த்து நான் சேமித்ததும், விடிகாலையில் அக்கா எழுதிய வரி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பழைய பிரதியை வைத்துக்கொள்ளும் வசதியும் கிடையாது. எளிமையாக இருக்கட்டும் என்று விட்டவன் நான்தான்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "சர்க்கரையக் கரைச்சுக் குடுங்க. உடனே கூட்டிட்டு வாங்க. தூங்க விடாதீங்க" என்றார் நர்ஸ். கரைத்துக் கொடுத்ததில் பாதியை அப்பா துப்பிவிட்டார்; டாக்சி வர அரை மணி ஆனது.

டாக்சியில் அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. கை சில்லிட்டிருந்தது.

"பேசுங்கப்பா."

"என்னத்தப் பேச?"

"என்னத் திட்டுங்க."

"எதுக்குடா?" வார்த்தை குழறியது.

சிக்னலில் வண்டி நின்றது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"நான் யாருப்பா?"

"சின்னவன்."

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டேன். பதில் இல்லை. தலை என் தோளில் சரிந்தது. கன்னத்தில் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தேன், நான் யாரு, நான் யாருப்பா என்று.

மருத்துவமனையில் வண்டியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டிருப்பதைப் பார்த்தேன்.

தொழிற்சாலைக்குத் தகவல் சொல்லியிருந்தேன். அக்கா வேலை உடுப்போடே ஓடி வந்தாள்.

"நான் எழுதினேன்டா. எழுதிட்டுத்தான் செருப்பையே மாட்டினேன்."

"தெரியும்க்கா. நான்தான் அழிச்சுட்டேன்." நடந்ததைச் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அவர் சாப்பிட்ட தட்டு ஈரமா இருந்திருக்குமேடா. அதப் பாத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள்.

"இன்னிக்கே சரி பண்ணிடறேன். இனிமே ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் அழிக்க முடியாது."

அப்போது அப்பா கண்ணைத் திறந்தார்.

"நான்தான் சொன்னேனேடா, போட்டாச்சுன்னு."

"சொன்னீங்கப்பா." பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்புறம் ஏன் வயித்தக் காட்டினீங்க?"

அவர் என் சட்டைப்பையில் இருந்த போனைக் காட்டினார்.

"உன் போன்ல இல்லன்னு சொன்னியே. எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு நெனச்சேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவர் கையைப் பிடித்தபடி, நர்ஸ் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.