துலுக்கானம் கொண்டுவந்து வைப்பதுதான் டிபன்

ஜேசுராஜ் கள்ளிக்குப்பத்துக்குக் குடிவந்தது எண்பத்தெட்டாம் வருஷம், ஜூன் மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை. மனைவி ஞானசௌந்தரி ஆவடியில் நர்ஸ். காலை டூட்டி என்றால் ஐந்தரைக்கே யூனிஃபார்ம் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதனால் ஜேசுராஜுக்குக் காலை ஆகாரம் தெருமுனையில் இருந்த கலியமூர்த்தி டிபன் கடையில் என்று ஆயிற்று.

முதல் நாள் உட்கார்ந்ததும் பூரி கேட்டார். இட்லி வந்தது.

ஏதோ ஞாபகப் பிசகு என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளும் பூரி கேட்டார், மறுநாளும் இட்லி. மூன்றாம் நாள், கொண்டுவந்து வைத்த சர்வர் துலுக்கானத்தைக் கூப்பிட்டு, தான் கேட்டது பூரி என்று சொன்னார். துலுக்கானத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஐந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு, ஒரு சொட்டு சாம்பார் சிந்தாமல் ஆறு மேஜைகளையும் சுற்றி வருவார். அன்று அந்த ஐந்து தட்டுகளோடு நின்று ஜேசுராஜின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணு செவந்து கீது. ராத்திரி சரியா தூங்கல. இட்லி துன்னு சார்."

சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

கல்லாவில் இருந்த கலியமூர்த்தியிடம் ஜேசுராஜ் முறையிட்டார். கலியமூர்த்தி குரலைத் தாழ்த்தி, கடை தன்னுடையதுதான், ஆனால் ஹால் துலுக்கானத்துடையது, அதில் தான் தலையிடுவதில்லை என்றார். போன வருஷம் தனக்கே அவர் மூன்று மாதம் காபியை நிறுத்தி வைத்திருந்தார் என்பதையும் ஒருவித மரியாதையோடு சொன்னார்.

அதன்பிறகு ஜேசுராஜுக்கு அது வயிற்றுப் பிரச்சினையாக இல்லாமல் மானப் பிரச்சினையாக மாறிவிட்டது. சமையற்கட்டிலிருந்து வேம்புலியம்மாள் சுடும் பூரியின் வாசனை ஹாலுக்குள் வரும். பக்கத்து மேஜையில் பூரி உப்பிக்கொண்டு போய் இறங்கும். இவர் முன்னால் இரண்டு இட்லி வந்து உட்காரும். ஒரு நாள் தந்திரமாக இட்லி கேட்டுப் பார்த்தார். துலுக்கானம் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இட்லி கொண்டுவந்தார்.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். இரண்டு தெரு தள்ளி ஒன்று இருந்தது. ஆனால் அங்கே போய்ப் பூரி தின்றால் அது தோற்றுப்போனதற்குச் சமம் என்று ஜேசுராஜ் நினைத்தார். ஞானசௌந்தரி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பூரி சுட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூலை மாதக் கடைசியில் அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ஹாஜா மொய்தீன் பூந்தமல்லிக்காரர். கள்ளிக்குப்பத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்து, கடை திறக்குமுன் இங்கே சாப்பிடுவார். அன்று இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. ஹாஜா மொய்தீன் முன்னால் மூன்று பூரி இருந்தது. அவர் அதைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் பட்டாலே நெஞ்சு எரிகிறது, இட்லிதான் கேட்கிறேன், ஆனால் ஆள் தெம்பில்லாமல் சோப்ளாங்கியாக இருக்கிறேன் என்று சொல்லி எட்டு மாதமாகத் துலுக்கானம் பூரியையே வைக்கிறார் என்றார்.

இரண்டு பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தார்கள். அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை.

மறுநாளிலிருந்து ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. மூலை மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். தட்டுகள் வந்ததும் ஹாஜா மொய்தீன் தினசரியை அகலமாக விரித்துப் பிடிப்பார். அதன் மறைவில், இருவர் கண்ணும் துலுக்கானத்தின் முதுகின்மேல் இருக்க, கைகள் மட்டும் தட்டுகளை மாற்றிக்கொள்ளும். முதல் நாள் பூரியைப் பிய்த்துக் கிழங்கில் தோய்த்து வாயில் வைத்தபோது ஜேசுராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹாஜா மொய்தீன் இட்லியை விண்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். நான்கு நாளில் தட்டைப் பார்க்காமலே மாற்றும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

ஐந்தாம் நாள் தட்டுகள் வந்தன. தினசரி விரிந்தது. கண்கள் முதுகைத் தேடின, கைகள் வேலையை முடித்தன. குனிந்து பார்த்தால் ஜேசுராஜ் முன்னால் இட்லி. ஹாஜா மொய்தீன் முன்னால் பூரி. துலுக்கானம் வரும்போதே மாற்றி வைத்திருக்கிறார். திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அவர் மேஜை அருகிலேயே நின்று, நிதானமாக இரண்டு பேருக்கும் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சண்ட போடாம துன்னுங்க," என்றார். ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கல்லாவில் கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆவணி பிறந்ததும் துலுக்கானம் ஒவ்வொரு மேஜையாகக் கல்யாணப் பத்திரிகை வைத்தார். மகளுக்கு வேப்பம்பட்டில், சொந்த வீட்டு வாசலில் கல்யாணம். ஜேசுராஜ் ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பூசையை மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஹாஜா மொய்தீனோடு விடியற்காலை மின்சார ரயிலில் போய் இறங்கினார்.

தாலி கட்டி முடிந்ததும் பந்தி போட்டார்கள். பரிமாற ஆள் போதவில்லை. ஜேசுராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் இட்லிக் கூடையைத் தூக்கினார். ஹாஜா மொய்தீன் சாம்பார் வாளியை எடுத்தார். இருவரும் மூன்று பந்தி பரிமாறினார்கள். பூரிக் கூடை வேறொருவர் கையில் இருந்தது. நான்காவது பந்தியில்தான் துலுக்கானம் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பக்கம் சம்பந்தி, மறுபக்கம் சம்பந்தியின் தம்பி. இரண்டு நாளாகத் தூங்காத முகம். இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பூரிக் கூடை பக்கம் கையைக் காட்டினார்.

ஜேசுராஜ் குறுக்கே வந்து நின்றார். துலுக்கானத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணு செவந்து கீது, அண்ணாத்தே. இட்லி துன்னு."

இரண்டு இட்லியை வைத்தார். பின்னாலேயே வந்த ஹாஜா மொய்தீன் அதன்மேல் சாம்பாரை ஊற்றிவிட்டார். சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. கலியமூர்த்தி கடையின் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசை மட்டும் சிரிப்பில் குலுங்கியது. வெற்றிலைத் தட்டோடு போய்க்கொண்டிருந்த துலுக்கானத்தின் மனைவி குப்பம்மா நின்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"இன்னும் ரெண்டு வையி சார். எனுக்கு இருவத்தஞ்சு வருசமா இதே கததான்."

துலுக்கானம் தலையைக் குனிந்து இட்லியைப் பிசைந்து சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் ஜேசுராஜுக்கு மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த மனிதர், சம்பந்தி பக்கத்தில் இருக்கும்போது இப்படிச் செய்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஓடிப்போய் இரண்டு பூரி வாங்கிவந்து நீட்டினார். துலுக்கானம் இலைமேல் கையை விரித்து மறைத்து, போதும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். திரும்பும் ரயிலில், இனி அந்தக் கடைக்குப் போவது எப்படி என்று திருநின்றவூர் தாண்டும்போது ஹாஜா மொய்தீன் கேட்டார்.

துலுக்கானம் வேலைக்குத் திரும்பியது புதன்கிழமை. ஜேசுராஜ் தயங்கித் தயங்கி உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. துலுக்கானம் வந்து நான்கு பூரி வைத்தார். எல்லாம் கோபுரமாக உப்பி இருந்தன. தோளில் துண்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நான்கும் முடிந்ததும் இன்னும் நான்கு வந்தது. ஜேசுராஜ் போதும் என்றார். துலுக்கானத்துக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கல்யாணத்துல ஓடி ஓடி வேல செஞ்ச ஆளு. துன்னு சார்."

எட்டாவது பூரியை ஜேசுராஜ் எப்படி விழுங்கினார் என்பது அவருக்கே தெரியாது. அன்று பத்து மணிக்கு ஸ்டோர் ரூமில், பேரிங் பெட்டிகளின்மேல் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். ஃபோர்மன் வந்து தட்டி எழுப்பும்படி ஆயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போய், ஞானசௌந்தரியிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று அவருக்கு முன்பே வந்துபோன ஹாஜா மொய்தீனுக்கு ஆறு இட்லி வைத்ததாகப் பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை ஜேசுராஜ் உட்கார்ந்ததும், தாழ்ந்த குரலில் இரண்டு இட்லி கேட்டார். துலுக்கானம் ஆழ்ந்த யோசனையோடு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வந்தது தோசை, ஓரமெல்லாம் முறுகி. அந்தக் கடையில் தோசை உண்டு என்பதே இரண்டரை மாதத்தில் ஜேசுராஜ் கவனிக்காத சங்கதி. பிய்த்து வாயில் போட்டார். பாதி தின்னும்போதே, இன்னொன்று வேண்டும் என்று கையைக் காட்டினார்.

துலுக்கானம் மறுபேச்சுப் பேசாமல் போய்க் கொண்டுவந்தார்.