ஏழு நொடியும் அறுபத்தெட்டு உறவினரும்

'மறுநொடி' என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்த முதல் பத்து நாளில், அதை ஆடியவர்கள் எழுதிய கருத்துகள் நானூற்றுப் பன்னிரண்டு. சென்னகேசவன் ஒன்றுவிடாமல் படித்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் மகன் கொடுத்த டேப்லெட், பக்கத்தில் நடுவே கோடு கிழித்த ஒரு டைரி. இடது பக்கம் ரவிதேஜா, வலது பக்கம் இளவேனில். யாரை யார் பாராட்டினாலும் அவரவர் பக்கத்தில் ஒரு கோடு. பத்தாம் நாள் எண்ணிப் பார்த்தபோது இடது பக்கம் ஒன்பது இருந்தது. வலது பக்கம் எழுபத்தொன்று. அவருடைய வயதும் அதுதான்.

ரவிதேஜா அவருடைய ஒரே மகன். பீளமேட்டில் குடும்பத்து பவுண்டரி இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கொர்ரனேனி என்ற தெலுங்கு வீட்டுப்பெயர் பொறித்த பம்ப்செட்டுகள் அங்கிருந்துதான் போகின்றன. அதன் மாடியில் நான்கு வருடம் உட்கார்ந்து ரவிதேஜாவும் இளவேனிலும் சேர்ந்து செய்த விளையாட்டு இது. எங்கோ ஒரு கிரகத்தில் மனிதர்கள் குடியேறிய ஊர். அங்கே இயந்திரங்கள் எதிர்த்துக் கிளம்புகின்றன. ஒரே ஒரு காவலாளி துப்பாக்கியோடு மிஞ்சுகிறான். அவன் கையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உலகம் முழுவதும் ஏழு நொடி பின்னால் போகும். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பான். பாய்ந்து வந்த குண்டு வந்த வழியே திரும்பிப் போகும். துப்பாக்கியும் எதிரிகளும் ரவிதேஜாவின் வேலை. அந்த ஏழு நொடி இளவேனிலின் வேலை. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் யார் எதைச் செய்தார்கள் என்று திரையில் பெயர் போட வேண்டும் என்று சொன்னவனும் ரவிதேஜாதான். அந்தப் பெருந்தன்மையைச் சென்னகேசவனால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் ஆடியவர்கள் எழுதியதெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கதை சுமார், ஏழு நொடி அபாரம் என்றான் ஒருவன். இன்னொருத்தி முப்பது மணி நேரம் ஆடியும் அலுக்கவில்லை, அந்த இளவேனில் யாராக இருந்தாலும் கும்பிடுகிறேன் என்றிருந்தாள். துப்பாக்கியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேசியவர்களும் அதன் சத்தத்தைக் கேலி செய்தார்கள். "சுடுதா, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுதா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்குக் கீழே இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

இளவேனில் போத்தனூர்க்காரி. அவள் அப்பன் நஞ்சப்பன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். நஞ்சப்பனின் அப்பன் கொர்ரனேனி தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர்; சென்னகேசவனின் தகப்பனாரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். நஞ்சப்பன் 'ஏனுங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டான். இந்தப் பெண் 'அங்கிள்' என்கிறது. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் முதுகு கொஞ்சம் விறைத்துக்கொள்ளும்.

பதினோராம் நாள் காலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பங்காளிகள் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊர் அந்த வீட்டை ஆளில்லாத வீடு என்று பேசும். இது மட்டும் என்ன, மகனுடைய விசேஷம்தானே. உறவினர்களுக்கான வாட்ஸப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். எல்லாரும் விளையாட்டை வாங்கி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும், மறக்காமல் வீட்டுப்பெயரோடு எழுத வேண்டும், ரவிதேஜாவின் துப்பாக்கியைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். தானே முதலில் எழுதினார்: "இளைஞர்களின் அரிய முயற்சி. துப்பாக்கி மிகச் சிறப்பு. கொர்ரனேனி சென்னகேசவன், பீளமேடு."

அவர் சொல்லை உறவில் யாரும் தட்டியதில்லை. இரண்டே நாளில் அறுபத்தெட்டு கருத்துகள் வந்து சேர்ந்தன. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வம்சி, "துப்பாக்கி நன்று. மென்மேலும் வளர வாழ்த்தும் கொர்ரனேனி வம்சி மற்றும் குடும்பத்தார்" என்று எழுதியிருந்தான். மேட்டுப்பாளையத்துத் தங்கை, ரவி பிறந்தபோது எத்தனை எடை என்பதிலிருந்து ஆரம்பித்திருந்தாள். ஒரு பெரியப்பா மகன் என்ன எழுதுவது என்று தெரியாமல், "தங்கள் நல்வரவை நாடும்" என்று முடித்திருந்தார். சென்னகேசவன் டைரியை எடுத்து இடது பக்கத்தில் அறுபத்தெட்டுக் கோடு போட்டார். ஒன்பதும் அறுபத்தெட்டும் எழுபத்தேழு. அன்று மத்தியானம் ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று கேட்ட மனைவி வெங்கடலட்சுமியிடம் ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு ரவிதேஜா வந்தான். செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடும்.

"நாயினா, சொந்தக்காரங்களை எல்லாம் எழுதச் சொன்னது நீங்கதானா?"

"நாந்தான். நம்மாளுக நாலு பேரு நல்ல வார்த்தை சொன்னா தப்பா?"

"நாலு பேரு இல்லீங்க, அறுபத்தெட்டு. எழுதினவன் எத்தனை நேரம் ஆடினான்னு பேருக்குப் பக்கத்துலயே போட்டுடும். பாருங்க. வம்சி நாலு நிமிஷம். அத்தை மூணு நிமிஷம். நீங்க அஞ்சு நிமிஷம்."

சென்னகேசவன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இருந்தது. பத்து நாளாகப் பெயர்களையே எண்ணிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சின்னதாக இருந்த எண்ணை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.

மீதியை ரவிதேஜா சொல்லச் சொல்ல அவர் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கொர்ரனேனி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி எத்தனை மணிக்கு என்று ஒருவன் கேட்க, அதற்கு ஆயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள். விற்கிற தளம், இந்த விளையாட்டின் கருத்துகள் சந்தேகத்துக்குரியவை என்று மேலே எச்சரிக்கை போட்டுவிட்டது. அதுமட்டுமல்ல, முன்பு இளவேனிலைப் பாராட்டியவர்களையும் இப்போது வீட்டு ஆட்களா என்று கேட்கிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் சென்னகேசவனின் மனது ஒரு கணம் குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை அவரே பார்த்தும் விட்டார். தட்டில் சோற்றை அப்படியே விட்டு எழுந்தார்.

சாயங்காலம் இளவேனிலே வீட்டுக்கு வந்தாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வெங்கடலட்சுமி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"அங்கிள், எழுதினவங்களை எடுத்துறச் சொல்லணுங்க. எடுத்துட்டா ஒரு வாரத்துல எச்சரிக்கையும் போயிரும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னாத்தான்."

அவர் தலையாட்டினார். பிறகு கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டார்.

"உங்கப்பன் ஒண்ணும் எழுதலியா?"

"கேட்டேனுங்க. முழுசா ஆடி முடிக்காம எழுதமாட்டேன்னுட்டாரு. ஆடிட்டே இருக்காரு."

"நஞ்சப்பனா? எத்தனை நேரம்?"

"நேத்தோட நாப்பத்தோரு மணி நேரமுங்க."

அவள் போன பிறகும் அந்த எண் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொன்று. தன்னுடையது ஐந்து நிமிடம்.

அன்றும் மறுநாளும், தன்னைத் தவிர மற்ற அறுபத்தேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார். குரல் பதிவில் சொன்னதைத் திரும்பப் பெறுவதற்கு இன்னொரு குரல் பதிவு போதாது என்பது அவர் எண்ணம். என்னால் உங்களுக்குக் கெட்டபேர், எடுத்துவிடுங்கள் என்று அறுபத்தேழு தடவை சொன்னார். மேட்டுப்பாளையத்துத் தங்கை, "ஏன் அண்ணா, எடையைத் தப்பா எழுதிப்போட்டேனா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் அறுபத்தேழும் போயின. அறுபத்தெட்டாவதை எடுக்கச் சொல்லி ரவிதேஜா கேட்டபோது அவர் மறுத்துவிட்டார்.

"எழுதினதை நான் அழிக்கமாட்டேன். பக்கத்துல இருக்கற நம்பரைத்தானே குறை சொல்றாங்க. அதை மாத்திக்கறேன்."

இப்படித்தான் சென்னகேசவன் ஆட உட்கார்ந்தார். காலையில் குளித்து, நாமம் இட்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத மர நாற்காலியில் நேராக உட்கார்வார். முதல் நாள் காவலாளியைச் சுவரில் முட்டவைத்தே இரண்டு மணி நேரம் போயிற்று. இரண்டாம் நாள் கதவு ஒன்றைத் திறந்தார். செத்தார். மறுபடியும் செத்தார். பக்கத்து அறையில் பூ கட்டிக்கொண்டிருந்த வெங்கடலட்சுமி, "ஏனுங்க, இன்னைக்கு எத்தனாவது காரியம்?" என்று கேட்பாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

நான்காவது கட்டத்தில், இருபது இயந்திரங்கள் ஷிப்ட் மாறுவதுபோல மாறி மாறிக் காவல் வரும் ஒரு கூடம். அதில் மூன்று நாள் மாட்டிக்கொண்டார். பொத்தானை அடித்து ஓடி ஒளிந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள், ஓடாமல் கூடத்தின் நட்டநடுவில் போய் நின்றார். குண்டுகள் வரட்டும் என்று விட்டு, கடைசிக் கணத்தில் அழுத்தினார். உலகம் ஏழு நொடி பின்னால் போயிற்று. இருபது இயந்திரங்களும் தங்கள் பழைய இடத்தில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவர் மட்டும் நடுவில் இருந்தார்.

எவ்வளவு நல்ல வேலை என்று நினைத்தார். மட்டமான வேலையாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு சுட்டார். ஒவ்வொன்றாக, நிதானமாக. அதுவரை பதற்றத்தில் காதில் விழாத சத்தம் அப்போதுதான் விழுந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு காற்றை விழுங்கும் ஒரு இழுப்பு, அப்புறம் தண்ணீர் குழாயின் வாயை வந்து முட்டும் அந்தக் கனமான அறை. அவர் கை நின்றுவிட்டது. மகனைக் கூப்பிட்டார்.

"ரவி, இது நம்ம அஞ்சு எச்பி மோட்டார் சத்தமல்ல? தாத்தா காலத்து மாடல்."

ரவிதேஜா வாசலிலேயே நின்றுவிட்டான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

"பவுண்டரில ஒரு பழைய செட்டை ஓட்டி ரெக்கார்ட் பண்ணினேன் நாயினா. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்த இளவேனிலுக்கே சொல்லல. உங்களுக்கு முன்னாடி ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

ஒருத்தரும் கண்டுபிடிக்கல. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சென்னகேசவன் மூன்று நாள் வாழ்ந்தார். தண்ணீர் பாய்ச்சுகிறதா என்று கேலி செய்த அத்தனை பேருக்கும் பதில் அவரிடம் இருந்தது. ஆமாம், பாய்ச்சுகிறது, மூன்று தலைமுறையாகக் கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்குப் பாய்ச்சியது இதுதான். இந்த விளையாட்டைப் பற்றி உலகத்தில் தான் ஒருவன் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று. அதை அவசரத்தில் எழுதிக் கெடுக்க அவருக்கு மனமில்லை. டைரியில் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். ஒரு வரியில் 'பாரம்பரியம்' என்று போட்டு, பம்ப் விளம்பரம்போல இருக்கிறதென்று அதை எடுத்தார். இடையே ஆடி முடிக்கவும் முடித்தார். முப்பத்தெட்டு மணி நேரம்.

நான்காம் நாள் காலை, எழுதியதைத் தளத்தில் ஏற்றுவதற்காகத் திறந்தார். எச்சரிக்கை நீங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அதிகம் பேர் பயனுள்ளது என்று சொன்னதாக, முந்தின நாள் எழுதிய ஒரு கருத்து நின்றது. எழுதியவர் நஞ்சப்பன், போத்தனூர். ஆடிய நேரம் ஐம்பத்தேழு மணி.

"ஏழு நொடி பற்றி நான் சொல்லக் கூடாது, அது என் மகள் செய்தது. துப்பாக்கி பற்றிச் சொல்கிறேன். அதன் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். அது கொர்ரனேனி மோட்டார் ஓடும் சத்தம். அந்த மோட்டாரை ஓடவிடுவது எங்கப்பாவின் வேலை. விடியற்காலையில் சத்தம் கேட்டால் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று தெரிந்துகொள்வோம், நின்றால் சோறு கொண்டுபோவோம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதைச் செய்த ரவிதேஜா தம்பிக்கு என் பாராட்டு."

பயனுள்ளது என்று சொன்னவர்கள் ஆயிரத்து நூறு பேர். கீழே, கேலி செய்தவனே வந்து, இப்போது கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தான். ரவிதேஜாவின் பெயரைச் சொல்லி நாற்பது ஐம்பது பேர். இடது பக்கத்துக்கு அத்தனை கோடு.

சென்னகேசவன் டைரியைத் திறக்கவில்லை. மகனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, வீட்டுப்பெயருக்கும் கிடைத்துவிட்டது. கொடுத்தது நஞ்சப்பன். அந்தச் சத்தத்தைச் செய்தவர் தன் தகப்பனார் என்று அவர் நினைத்திருந்தார். அதை ஒவ்வொரு நாளும் கேட்டு வளர்ந்த வீடு வேறாக இருந்திருக்கிறது. தன்னுடைய ஒன்றரைப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்த்தார். நஞ்சப்பனின் அந்தச் சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் அதில் ஒரு வரியும் நிற்கவில்லை.

வெங்கடலட்சுமி காப்பியை வைத்துவிட்டுப் போனாள், ஆறியதும் எடுத்துக்கொண்டும் போனாள். கடைசியில், அழிக்கமாட்டேன் என்று சொன்ன தன் பழைய கருத்தைத் திறந்தார். 'துப்பாக்கி மிகச் சிறப்பு' என்பதை அப்படியே விட்டார். அதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"ஏழு நொடி அதைவிடச் சிறப்பு. அதைச் செய்தவர் இளவேனில். மோட்டார் சத்தம் பற்றி மேலே நஞ்சப்பன் எழுதியிருப்பது உண்மை. கொர்ரனேனி சென்னகேசவன், பீளமேடு."

பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தது. ஆனால் எழுதியாகிவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் முப்பத்தெட்டு. அதற்கு மேலே, நஞ்சப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஐம்பத்தேழு.

பத்தொன்பது மணி நேர வித்தியாசம். அவனும் சும்மா இருக்கமாட்டான்.

சென்னகேசவன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து போய், மர நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முதல் கட்டத்தைத் திறந்தார்.