மேல் ரோட்டுக்கு மின்சாரக் காரின் பங்கு

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். தலைவர் திருச்செல்வம் மாஸ்டர் கோயில் மண்டபத்து மேசைக்குப் பின்னால், கைபிடி வைத்த கதிரையில். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் மஹ்ரூப். கலஹா டவுனில் பெற்றோல் செட் வைத்திருப்பவர். இடப்பக்கம் செயலாளரான நான், மத்தியாஸ். எதிரே ஒரே வாங்குப் பலகையில் த்ரீவீல் ஓட்டும் சுதேஷும், மின்சாரக் கார் வைத்து ஹயர் ஓடும் அரூஸும், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு. கதவோரம் தனிக் கதிரையில் டொரதி.

மேல் ரோடு என்பது சந்தியிலிருந்து எங்கள் வீடுகளுக்கு ஏறும் பாதை. தேயிலைத் தோட்டம் அதைப் பிரதேச சபையின் பாதை என்கிறது. சபை அதைத் தோட்டத்தின் பாதை என்கிறது. இரண்டு பதில்களும் என் கோப்பில் இருக்கின்றன. ஆகவே மழை அரித்த இடங்களுக்கு நாங்களே கல்லும் மண்ணும் போடுகிறோம். அதற்காக, மேல் ரோட்டில் ஏறும் வாகனங்கள் எண்ணெய் அடிக்கும்போது மஹ்ரூபின் செட்டில் இருக்கும் தகர உண்டியலில் லீற்றர் கணக்கில் ஒரு பங்கு போடுவது வழக்கம். விலக்கு யாருக்கும் இல்லை. ஒருமுறை கோயில் பாதிரியார் சுவாமியின் மோட்டார் சைக்கிளுக்கு விலக்குக் கொடுக்கப் போய், கடை லொறிக்காரரும் கொழுந்து லொறிக்காரரும் அதையே கேட்டார்கள். அந்த வருஷம் கல் வாங்க வழியில்லாமல் போனது.

அரூஸின் கார் எண்ணெய் குடிப்பதில்லை.

"ரோட்டுல ஓடுறது எல்லாரும்தானே," என்று சுதேஷ் தொடங்கினான். "சத்தமே இல்லாம பின்னால வந்து நிப்பாரு. பேய் வந்தாக்கூட ஒரு சலங்கை சத்தம் கேக்கும்."

"ஒன்ட த்ரீவீல் சத்தத்துல கலஹாக் கோழியெல்லாம் முட்ட போடாம இரிக்கி," என்றார் அரூஸ். "தலைவர், நான் கரண்ட் பில் கட்ட இல்லையா? கார் எறக்கக்குள்ள வரி கட்ட இல்லையா?"

"ஓம், கட்டினனீர். அந்தக் காசில ஒரு கல்லாவது இந்த ரோட்டுக்கு வந்ததோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பெட்டரி பாரம் வேற," என்றார் மஹ்ரூப். "ரோட்ட அமத்துறது அந்தப் பாரம்தான். ஏறுற தடவைக்கு இவ்வளவுன்னு வெச்சிடுவோம்."

அரூஸ் மஹ்ரூப் பக்கம் திரும்பினார். "மஹ்ரூப் நானா, என்ட ஊடு சந்தியில. எனக்கு மேல என்ன வேல? நான் ஏறுறது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த மனுசன்கிட்ட பெட்டரி ஏத்துற செலவு மட்டும்தான் எடுக்கிறன். அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வராது. கைக்காசு போடவும் ஏலாது, கார் லீசிங் கட்ட இரிக்கி. தடவைக்குக் காசுன்னா கார் சந்தியோட நிக்கும்."

யார் அந்த ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டொரதியின் கணவர் அன்ட்ரூவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சுதேஷின் த்ரீவீலில் ஒருமுறை திரும்பி வந்தபோது, குலுக்கலில் ஊசி குத்திய இடம் திறந்து, வீடு வந்து சேரும்போது சட்டை முழுக்க இரத்தம். அதற்குப் பிறகுதான் அரூஸின் கார்.

மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அரூஸ் எழுந்தார். "முடிவக் கடிதத்துல அனுப்புங்க. வாயால சொன்னா பொறகு சண்ட வரும்."

அவர் போன பின் நான், "ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மட்டும்…" என்று ஆரம்பித்தேன்.

"விலக்கு எண்டு தொடங்கினா எங்க போய் நிக்கும், மத்தியாஸ்? போன முறை லொறிக்காரருக்குக் கடிதம் கடிதமா எழுதினது நீர்தானே," என்றார் மாஸ்டர்.

எங்கள் சங்கத்தில், கூட்டத்தில் இருப்பவர்களின் எல்லாக் கையும் உயர்ந்தால்தான் தீர்மானம். ஒரு கை கீழே இருந்தால் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போகும். டொரதி கையைத் தூக்காமல் இருந்தாலே போதும். ஆனால் தன் காரியத்துக்காகத் தானே குறுக்கே நிற்பது எங்கள் பக்கத்தில் பெரிய வெட்கம்.

"நீங்கள் ஏதும் சொல்லப் போறியளோ, டொரதி?" என்றார் மாஸ்டர்.

"நான் என்னங்க சேர் சொல்றது? எல்லாருந்தான் குடுக்குறாங்க. எங்களுக்குன்னு தனிச் சட்டமா?"

மஹ்ரூப் கையை உயர்த்தினார். சுதேஷ் அவளைப் பார்க்காமல் உயர்த்தினான். மாஸ்டர், பிறகு நான். கடைசியாக டொரதி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களைவிட உயரமாகவே தூக்கினாள்.

மற்றவர்கள் போன பிறகு அந்த மேசையிலேயே கடிதத்தை எழுதினேன். தீர்மானம், தொடங்கும் திகதி, செலுத்தும் இடம். "தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்" என்ற வரியை எழுதிவிட்டு அடித்தேன். அடித்தல் உள்ள கடிதத்தை அனுப்ப முடியாது என்பதால் வேறு தாள் எடுத்து முழுவதையும் திரும்ப எழுதினேன். டொரதி கதவோரத்திலேயே நின்றாள்.

"குடுங்கண்ணே, நானே குடுத்துர்றேன். காலையில அரூஸ் வருவாருல்ல. முத்திரைக் காசு எதுக்கு?"

"படிச்சிட்டு என்ன செய்வாரு?"

"நாளைக்கு ஏத்திக்கிட்டுப் போவாரு. நல்ல மனுசன். அதுக்கப்புறம் நாங்கதான் சந்தி வரைக்கும் நடந்து எறங்கணும்."

"அன்ட்ரூவால நடக்க ஏலாதே."

"ஏலாதுதான்."

கையை உயர்த்தியிருக்க வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன். என் கையும் அவளுக்கு முன்னால் உயர்ந்துதான் இருந்தது. "அன்ட்ரூகிட்ட என்ன சொல்லப்போறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அவரே கொஞ்ச நாளா ஆஸ்பத்திரிக்குப் போனது போதும் போதும்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காரு, அண்ணே."

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டு, பெயரும் விலாசமும் எழுதி, விளிம்பில் கோந்து தடவி அழுத்தினேன். அவள் அதைக் கைப்பையில் வைத்து, பையின் வாயை மூடி, மேல் ரோட்டில் ஏறிப் போனாள்.